ஓடும் காரின் எஞ்சினை கிட் காருக்கு மாற்றுவது எப்படி: மாஸ்டா எம்எக்ஸ்-5 கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டில் நாமே பூட்டும் கார், கட்டப் போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த எஞ்சின் போடலாம்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்று சொல்வேன். தனி எஞ்சினாக வாங்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் காரை வாங்குங்கள். எஞ்சின் என்பது ஒரு இரும்புக் கட்டி மட்டும்தானா? அதோடு பேசும் கம்ப்யூட்டர், அதற்குப் பெட்ரோல் கொடுக்கும் பம்ப், அதைத் தாங்கும் ரப்பர், அதன் சூட்டைக் கொண்டுபோகும் தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்ந்தால்தான் அது ஓடும். கம்பெனி பல ஆண்டுகள் உழைத்து ஒன்றோடொன்று இணக்கமாக வைத்திருக்கும் அந்தக் கூட்டத்தை முடிந்தவரை பிரிக்காமல் புதுச் சட்டத்துக்குள், அதாவது சேஸிக்குள், கொண்டுபோவதுதான் நம் வேலை.

இந்த வழிகாட்டி பிரிட்டனை மனதில் வைத்து எழுதியது. வீட்டு கராஜில் கட்டிய காரைச் சோதித்து, நம்பர் கொடுத்து, சாலையில் ஓட்ட அனுமதிக்கும் முறை அங்கே நிலைபெற்று இருக்கிறது. 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இந்தப் பழக்கத்தின் பெரிய ஊற்று. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அன்றைய கொள்முதல் வரி கிடையாது என்பதால் பலர் அப்படியே வாங்கினார்கள். 1973இல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அதே வடிவத்தைச் சதுரக் குழாய்களால் வீட்டிலேயே பற்றவைத்துக் கட்டும் காரைத்தான் லோகாஸ்ட் என்கிறார்கள். எஞ்சின் வேலை எந்த ஊரிலும் ஒன்றுதான். கோயம்புத்தூரில் பிறந்த எல்ஜிபி ஃபார்முலா பந்தயக் கார்களிலும் மாருதியின் 1300 சிசி எஞ்சின்தான் குடியேறியது.

எந்தக் கார்

முன்பு இந்த வேலைக்கு ஃபோர்டு எஸ்கார்ட், பிறகு சியரா. இரண்டும் இப்போது அருகிவிட்டன. இன்றைக்குச் சரியான தேர்வு முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது 1989 முதல் 1997 வரை வந்தது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும், இரண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வு. பக்கவாட்டுச் சில்கள் துருப்பிடித்து, எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையில் தோற்றுப்போன வண்டிகளில்கூட எஞ்சின் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும். நமக்கு வேண்டியது அதுதானே.

1.6 லிட்டர் எஞ்சின் 1597 சிசி, சுமார் 115 குதிரைத்திறன். 1993இல் வந்த 1.8 லிட்டர் 1839 சிசி, சுமார் 130. பிரிட்டனில் 1995க்குப் பிறகு விற்ற 1.6இல் 90 மட்டும்தான் என்பதால், வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். அறுநூறு கிலோ எடையுள்ள காருக்கு 115 தாராளம். 1.8உடன் வரும் பெரிய டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) உறுதியானது. பின்னாளில் டர்போ ஆசை இருந்தால் அதையே வாங்கிவிடுங்கள்.

1.6இல் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1991 நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்மூக்கு குட்டையானது. முன்னால் உள்ள போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் சாவிப்பள்ளம் தேய்ந்து, டைமிங் பல்சக்கரம் ஆடத் தொடங்கும். முன் புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. முடிந்தால் எட்டு வெட்டு உள்ளதையே தேடுங்கள்.

கழற்றும் முன்

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஸ்பேனரை எடுக்காதீர்கள். இரண்டு வாரம் அதை அப்படியே ஓட்டிப் பாருங்கள், அல்லது நிறுத்திய இடத்திலேயே தினமும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் எப்படிக் கிளம்புகிறது, சூடானபின் ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்றில் நிற்கிறதா, மின்விசிறி தானாக ஓடுகிறதா, மூன்றாவது கியர் கரகரக்கிறதா என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து புதுக் காரில் ஒரு சத்தம் கேட்கும்போது, அது முன்பே இருந்ததா, நீங்கள் உண்டாக்கியதா என்று சொல்ல அந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கும்.

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நெருங்கி இருப்பதே முக்கியம். கிளம்பிய உடன் மேலே டக்டக் என்று கேட்டுச் சில நிமிடத்தில் அடங்கினால் பயம் வேண்டாம். ஆயிலால் இயங்கும் லிஃப்டர்களில் அது சகஜம்.

அப்புறம் போட்டோ. ஒவ்வொரு கனெக்டரும் எங்கே போகிறது, ஒவ்வொரு வாக்குவம் குழாயும் எதில் மாட்டியிருக்கிறது என்று நூறு போட்டோவாவது எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் துணி டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். காரின் பதிவுப் புத்தகம், வாங்கிய ரசீது, எஞ்சின் எண் மூன்றையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். கடைசியில் நம்பர் வாங்கும்போது இவை தேவைப்படும்.

இறக்குவது

பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் எடுத்தபின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேலே தூக்குங்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலின் மூக்கையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. பவர் பிளான்ட் ஃபிரேம் என்று பெயர். அதைக் கழற்றியதும் கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும், கீழே ஜாக் கொடுக்காமல் தொடாதீர்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ ஒரு நொடிகூடப் போகக் கூடாது.

வெளியே எடுத்தபின் செய்ய வேண்டிய வேலைகளை இப்போதே முடித்துவிடுங்கள்: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பின் ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட், எஞ்சின் தலையின் பின்னால் உள்ள கேம் சென்சாரின் ஓ-ரிங். அந்த ஓ-ரிங் சில்லறைக் காசுதான், ஆனால் கிட் காரில் அதன் பின்னே விரல்கூட நுழையாது. பவர் ஸ்டீயரிங் பம்ப்பும் ஏசி கம்ப்ரசரும் தனி பெல்ட்டில் ஓடுவதால் அவற்றைப் புதுக் காரில் பொருத்தாமலே விட்டுவிடலாம். ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் வேறு பெல்ட்டில் நிம்மதியாக ஓடும்.

இடம் பார்ப்பது

இந்தக் கட்டத்தில் மட்டும் அவசரமே கூடாது. நான் மூன்று வார இறுதிகள் இதற்கே செலவழித்தேன். அதில் ஒரு மணி நேரம்கூட வீண் என்று நினைக்கவில்லை.

உங்கள் கிட் எக்ஸோசெட் போல எம்எக்ஸ்-5க்காகவே செய்ததாக இருந்தால் வேலை எளிது. எஞ்சின், கியர்பாக்ஸ், அந்த அலுமினியச் சட்டம், டிஃபரன்ஷியல் எல்லாம் பழைய உறவு மாறாமல் ஒரே தொகுதியாகப் புதுச் சட்டத்தின் கீழே வந்துவிடும். செவன் பாணிச் சட்டம் என்றால் நீங்களே இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

எஞ்சினைக் கிரேனில் தொங்கவிட்டு, சம்ப்புக்கு, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, கீழே மரக்கட்டைகளை அடுக்கி உட்கார வையுங்கள். முடிந்தவரை தாழ, முடிந்தவரை பின்னால். இரண்டு ஆசைக்கும் எல்லை உண்டு. தாழ்த்தினால் சம்ப் சட்டத்துக்குக் கீழே நீட்டும். இருவர் உட்கார்ந்தபோதும் தரைக்கும் சம்ப்புக்கும் நடுவே 100 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இடம் போதாவிட்டால் சம்ப்பை வெட்டிக் குட்டையாக்கலாம். குறைந்த ஆயில் அளவைப் பக்கவாட்டில் பெட்டி வைத்து ஈடுசெய்து, உள்ளே தடுப்புத் தகடுகளும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஓடி, பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங்குகளுக்கு அது சில நொடியில் முடிவு.

பின்னால் தள்ளினால் கேம் சென்சாரும் காயில் பேக்கும், எஞ்சின் அறையையும் இருக்கைகளையும் பிரிக்கும் தீச்சுவரில் முட்டும். இவை இரண்டும் தலையின் பின்புறம் இருப்பதால் எம்எக்ஸ்-5 எஞ்சினின் நீளத்தை முடிவுசெய்வது பிளாக் அல்ல, இவைதான். காயிலைப் பக்கவாட்டுக்கு மாற்றலாம். சென்சாரை நகர்த்த முடியாது, டைமிங் வைக்கும்போது அதைத் திருப்பவும் வேண்டும். ஒரு கை போகும் இடம் விடுங்கள்.

இந்த எஞ்சினின் நல்ல குணம் ஒன்றுண்டு. எக்ஸாஸ்ட் இடது பக்கம், காற்று உள்ளே போவது வலது பக்கம். வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த காரில் ஸ்டீயரிங் தண்டு எக்ஸாஸ்ட் சூட்டில் சிக்காது. ஆனால் ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். தண்டை மாட்டியபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் சிலிண்டரின் காற்று வெளியேற்றும் நிப்பிள், ஆயில் வடிக்கும் போல்ட் ஆகியவற்றையும் எஞ்சினை இறக்காமல் எட்ட முடிய வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துச் சுற்றிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. கியர்பாக்ஸின் அகன்ற முன்கூடான பெல்ஹவுசிங்குக்கும், அதைச் சுற்றிப் போகும் டனலின் சட்டக் குழாய்க்கும் நடுவே 20, 25 மில்லிமீட்டர் விடுங்கள். ரப்பர் மௌண்டில் எஞ்சின் ஆடும்.

மௌண்டும் ப்ராப் ஷாஃப்ட்டும்

கம்பெனியின் ரப்பர் மௌண்ட்களையே வைத்துக்கொண்டு, அவற்றைச் சட்டத்தோடு இணைக்கும் பிராக்கெட் மட்டும் புதிதாகச் செய்யுங்கள். 3 அல்லது 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, முக்கோணத் தாங்கலோடு. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு இரும்பில் வெட்டுங்கள். சதுரக் குழாயை ஊடுருவிப் போல்ட் போட்டால் உள்ளே ஒரு சிறு குழாய் வைத்துப் பற்றவையுங்கள், இல்லையேல் முறுக்கும்போது சுவர் நசுங்கும். எஞ்சின் இருக்கும்போது புள்ளி வெல்டு மட்டும். முழு வெல்டு எஞ்சினை வெளியே எடுத்தபின்.

பவர் பிளான்ட் ஃபிரேமை விட்டுவிட்டால் இரண்டு இடங்களுக்குப் புதுத் தாங்கல் வேண்டும். எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸின் பின்பக்கத்துக்கு வேறு மௌண்ட் கிடையாது, அந்தச் சட்டம்தான் தாங்கியது. டிஃபரன்ஷியலின் மூக்கையும் அதுவே அமுக்கிப் பிடித்தது. சக்கரங்களுக்கு விசை போகும்போது அந்த மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அதைப் பிடிக்கும் பிராக்கெட்டைக் கியர்பாக்ஸ் மௌண்ட்டைவிட இரண்டு மடங்கு உறுதியாகச் செய்யுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராப் ஷாஃப்ட்டின் கோணம் அடுத்தது. கியர்பாக்ஸின் வெளித்தண்டும் டிஃபரன்ஷியலின் உள்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்ட் அவற்றோடு ஒன்று முதல் மூன்று டிகிரி சாய்ந்திருக்கலாம். முழுக்க நேர்கோட்டில் வைப்பதும் நல்லதல்ல, சிலுவை ஜாயின்ட்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் அசையாமல் ஒரே இடத்தில் குழி விழும். இரண்டு கோணமும் வேறுபட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கை அதிரத் தொடங்கும், அதன் காரணத்தைத் தேடி மாதங்கள் போகும். கியர்பாக்ஸின் வாலுக்குள் நுழையும் யோக் (ஷாஃப்ட்டின் முனைத்துண்டு) சுமார் 20 மில்லிமீட்டர் முன்பின் நகர இடம் இருக்கட்டும். ஷாஃப்ட்டைக் குறைப்பதையும் பேலன்ஸ் செய்வதையும் அதற்கென்றே உள்ள பட்டறையிடம் கொடுங்கள். வீட்டில் வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் உங்கள் தொடைக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு ஆறாயிரம் முறை சுற்றும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர்

லோகாஸ்ட் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஃபோக்ஸ்வாகன் போலோவின் ரேடியேட்டரை வைக்கிறார்கள். மூக்குக்குள் அடங்கும், இந்த எஞ்சினுக்குப் போதும். உண்மையான தொல்லை உயரத்தில் இருக்கிறது. செவன் பாணிக் காரில் ரேடியேட்டர் எஞ்சின் தலையைவிடத் தாழ்வாக இருப்பதால், காற்று எஞ்சினுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஊற்றும் வாய் உள்ள ஹெடர் டாங்கைத் தலையைவிட உயரமாகத் தீச்சுவரில் வைத்து, ரேடியேட்டரின் மேல்முனையிலிருந்து ஒரு மெல்லிய குழாயை அதற்குக் கொண்டுவாருங்கள்.

இந்த எஞ்சினின் வரலாறும் இங்கே உதவும். மாஸ்டா இதை முதலில் 323 போன்ற முன்சக்கர வண்டிகளில் குறுக்குவாட்டில் வைத்தது. அப்போது தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. எம்எக்ஸ்-5க்காக நீளவாக்கில் திருப்பியபோது தெர்மோஸ்டாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் பின்னால் உள்ள நான்காவது சிலிண்டருக்குத் தண்ணீர் ஓட்டம் குறைவு. ஹீட்டர் வேண்டாம் என்று பின்னால் உள்ள ஹீட்டர் குழாயை அடைத்தால் அந்தக் கொஞ்ச ஓட்டமும் நின்றுவிடும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் போகும் குழாயையும் வரும் குழாயையும் சேர்த்து வளையமாக்கி விடுங்கள்.

பெட்ரோலும் காற்றும்

இது ஊசிவழி எரிபொருள் முறை. டாங்கிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய், மிச்சம் திரும்பிவர ஒன்று. அழுத்தம் ஏறக்குறைய 3 பார். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய் இதற்கு உதவாது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயையே வாங்குங்கள். டாங்கில் தடுப்பறை இல்லாவிட்டால் வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். டோனர் காரின், அதாவது நாம் எஞ்சின் எடுத்த பழைய காரின், டாங்கையே வைக்க இடம் இருந்தால் அதுவே சிறந்தது.

காற்றுப் பக்கம் எளிதுபோலத் தோன்றும், ஆனால் 1.6இல் பலர் இடறுவது இங்கேதான். உள்ளே போகும் காற்றைக் கதவு போன்ற ஒரு தகடு உள்ள மீட்டர் அளக்கிறது. அந்த மீட்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவே சின்ன ஓட்டை இருந்தாலும் அளக்காத காற்று நுழைந்து கலவை கெடும். அதே மீட்டருக்குள் ஒரு சுவிட்சும் உண்டு. தகடு அசைந்தால்தான் பெட்ரோல் பம்ப் தொடர்ந்து ஓடும். மீட்டரைக் கழற்றிவிட்டு "பம்ப் ஏன் ஓடவில்லை?" என்று திணறியவர்கள் ஏராளம். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும் இந்த ஏற்பாடு ஒரு பாதுகாப்பு, அதைக் காப்பாற்றுங்கள். பம்ப்பை மட்டும் சோதிக்க வேண்டுமானால் சோதனைப் பெட்டியில் எஃப்பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் போதும்.

வயரிங்

எல்லாருக்கும் பயம் தரும் பகுதி. நான் பின்பற்றியதும் நண்பர்களுக்குச் சொல்வதும் ஒரே வழி. காரின் முழு வயர்க்கட்டையும் வெட்டாமல் வெளியே எடுத்து, கராஜ் தரையில் விரித்து, புதுச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினோடு பழையபடி மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடியதா? சரி, இப்போது ஒரு சர்க்யூட்டை மட்டும் நீக்குங்கள், கதவு விளக்கு மாதிரி. மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் ரேடியோ, ஹீட்டர் விசிறி, தூக்கும் ஹெட்லைட் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டார்ட். எது நீக்கியபோது நின்றதோ, அதுதான் தேவையானது. மெதுவான வழிதான், ஆனால் தேடித் திரிய வேண்டியதே இல்லை.

கடைசியில் மிஞ்ச வேண்டியவை: எஞ்சின் கம்ப்யூட்டர், மெயின் ரிலே, பம்ப்பின் ரிலே, இக்னைட்டர், காயில், இன்ஜெக்டர்கள், சென்சார்கள், சோதனைப் பெட்டி, ஃபியூஸ்கள். முந்தைய உரிமையாளர் போட்ட அலாரம் இருந்தால் அது ஸ்டார்ட்டர் வயரை எங்கே வெட்டியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கை வேண்டாம் என்று எறியாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்கள் அந்த பல்பு வழியாக வரும் கரண்ட்டில்தான் சார்ஜ் செய்யத் தொடங்குகின்றன.

எர்த் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சட்டத்துக்கும் மின்தொடர்பு கிடையாது. தடித்த எர்த் பட்டையை மாட்ட மறந்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன். நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேறு வழியில்லாமல் திராட்டில் கேபிள் வழியாகப் போய், அதன் உறை கண்முன்னே உருகியது. பேட்டரியிலிருந்து சட்டத்துக்கு ஒன்று, சட்டத்திலிருந்து எஞ்சினுக்கு ஒன்று. இரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

நிரல் மாற்றக்கூடிய வேறு கம்ப்யூட்டர் போடும் ஆசை இருக்கலாம். கம்பெனி கம்ப்யூட்டரில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதைச் செய்யுங்கள். புதுச் சட்டம், புது வயரிங், புது மேப் (பெட்ரோல், பற்றவைப்பு அளவுகளின் அட்டவணை) மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் பிழை எதில் என்று சொல்ல முடியாது.

எக்ஸாஸ்ட்

கம்பெனி மேனிஃபோல்டு செவன் சட்டத்தில் பெரும்பாலும் நுழையாது. நான்கு குழாய்களையும் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒன்றாக்கும் மேனிஃபோல்டைச் செய்யக் கொடுங்கள். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சார் நான்கும் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தள்ளிப் போனால் சூடு போதாது. சைலன்சர் எவ்வளவு பெரிதாகப் பொருந்துமோ அவ்வளவு பெரிதாக வாங்குங்கள்.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், கராஜ் கதவு திறந்து, உதவிக்கு ஒருவர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் வரும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு பம்ப்பை மட்டும் ஓட்டி ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் பிளக்குகளையும் கழற்றிய கனெக்டர்களையும் மாட்டிக் கிளப்பலாம்.

சூடானதும் சோதனைப் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி முனைகளை இணைத்து, டைமிங் விளக்கில் 10 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்து, கேம் சென்சாரைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். கை போகும் இடம் விடச் சொன்னேனே, அது இதற்குத்தான். மின்விசிறி தானாக ஓடி நிற்கும்வரை எஞ்சினை நிறுத்தாதீர்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் தண்ணீரில் காற்று இல்லை என்று நம்பலாம்.

சோதனைக்குப் போகும் முன்

பிரிட்டனில் இப்படிக் கட்டிய காரை ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சத்தத்துக்கு எல்லை 99 டெசிபல். எக்ஸாஸ்ட் வாயிலிருந்து அரை மீட்டரில், எஞ்சின் உச்ச சக்தி தரும் சுற்று வேகத்தில் முக்கால் பங்கில் அளப்பார்கள். 115 குதிரைத்திறன் 1.6க்கு உச்சம் நிமிடத்துக்கு 6500 சுற்றில் என்பதால் ஏறக்குறைய 4900. புகையை எஞ்சினின் வயதுக்கேற்ற அளவில் சோதிப்பார்கள், அதற்குச் சான்று கேட்பார்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவில் சோதித்தால் லாம்டா, அதாவது காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தின் அளவு, 0.97க்கும் 1.03க்கும் நடுவே நிற்க வேண்டும். எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு இருந்தால் இது கட்டாயம் தவறும். வயர்களைக் குறைந்தது 300 மில்லிமீட்டருக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடித்திருக்க வேண்டும்.

நம்பர் தருவது டிவிஎல்ஏ என்ற பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம். ஒரே டோனர் காரிலிருந்து முக்கிய பாகங்கள் வந்தன என்று காட்ட முடியாவிட்டால் வண்டியின் வயது உறுதியாகவில்லை என்று காட்டும் க்யூ எழுத்து உள்ள நம்பர்தான் கிடைக்கும். முதல் நாள் திறந்த அந்தக் கோப்பை அப்போது மேசையில் வையுங்கள்.

சாலைக்கு வந்து முதல் 150 கிலோமீட்டர் ஓட்டியதும் காரைத் தூக்கி, எஞ்சின் மௌண்ட், கியர்பாக்ஸ் தாங்கல், டிஃபரன்ஷியல் மூக்கு, ப்ராப் ஷாஃப்ட் ஆகியவற்றின் போல்ட்கள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். எனக்கு டிஃபரன்ஷியல் பிராக்கெட்டில் இரண்டு போல்ட் கால் சுற்று ஏறியது. முறுக்கிய ஒவ்வொன்றின் மீதும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்ததும் எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.